மத்தியான வெயிலில் ஆட்டோவுக்குச் சார்ஜ் ஏற்றுங்கள்

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் நாவலடியிலும் கூரைகளில் சோலார் பூட்டிக் கொடுப்பது என் தொழில். மின்சார ஆட்டோ எடுத்த தம்பிமார் வந்தால், எத்தனை பனல் போடவேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எத்தனை மணிக்குச் சார்ஜ் ஏற்றப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை பிளக்கைத் தொடவே வேண்டாம். நாடு முழுக்க விளக்கும் ஃபேனும் ஓடும் நேரம் அது. வெயிலும் இல்லை. நீர்மின் போதாமல் நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. புகையை ஆட்டோவிலிருந்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துக்கு மாற்றி என்ன பயன்? பகலில் நிலைமை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சுகிறது என்று, கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அந்த வெயில் நம்முடைய பற்றரிக்குள் போகவேண்டும்.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி, கச்சேரி என்று ஹயர் ஓடி முடிய ஒன்பதரை ஆகிவிடும். அதன்பின் பள்ளிக்கூடம் விடும்வரை தரிப்பிடத்தில் காத்து நிற்பதைவிட வீட்டுக்கு வந்து, பற்றரி சூடாறக் கொஞ்ச நேரம் விட்டுக் கொழுவுங்கள். நீட்டு வயரில் வேண்டாம். தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் கட்டாயம்.

இனி பனல் கணக்கு. நாளைக்கு 80 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஆறேழு யூனிட் பிடிக்கும். ஒரு கிலோவாற் பனல் நம் பக்கத்தில் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். ஆகவே இரண்டு கிலோவாற், அதாவது 550 வாற் பனல் நாலு போதும். கூரையில் தெற்குப் பார்த்த பக்கம் நல்லது. தென்னோலை நிழல் ஒரு பனலின் மூலையில் விழுந்தாலே, அதோடு தொடுத்த மற்றப் பனல்களின் உற்பத்தியும் இறங்கிவிடும். பனல் ஏற்றமுன் ஒரு முழுப்பகல் நிழலைக் கவனியுங்கள், தேவையென்றால் ஓலையை வெட்டுங்கள். கடற்கரைப் பக்கமென்றால் ஆணி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள், உப்புப் படியும் கண்ணாடியை விடிய வெள்ளென நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெயில் ஏறியபின் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கரண்ட் போனால், பனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சாதாரண இன்வேர்ட்டரும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சார்ஜ் ஏறாது. இதை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லாமல் பூட்டுவது சரியில்லை.

கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும் நாட்களில் உற்பத்தி அரைவாசிக்கும் கீழே போகலாம். அப்போது மிச்சத்தை இரவு பத்தரைக்குப் பிறகு ஏற்றுங்கள். நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறினால், விலையும் அப்போதுதான் ஆகக் குறைவு.

அப்புறம், காசு கொடுத்துப் பனல் வாங்கமுன் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் சோலார் இணைப்புக்கு விண்ணப்பத்தைக் கொடுத்து, உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமரில் இன்னொரு சோலாரை இணைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நிரம்பியிருந்தால் இணைப்புக் கிடைக்காது.