மின்தடையின்போது மின்சாரக் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது எப்படி

சிங்கப்பூரில் மின்தடை அரிது. 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல வட்டாரங்களில் ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. அப்போதுகூட 38 நிமிடங்களில் நிலைமை சீராகிவிட்டது. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு டார்ச்சும் திறக்காமல் மூடி வைத்த குளிர்சாதனப் பெட்டியுமே போதும். ஆனால் ஆக்சிஜன் கருவியை நம்பி மூச்சுவிடும் ஒருவர் வீட்டில் இருந்தால் 38 நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். அம்மாவுக்கு அந்தக் கருவி வந்த பிறகுதான், செராங்கூன் கார்டனில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மின்சாரக் காரின் இந்தப் பயனை நான் கருத்தாகக் கற்றுக்கொண்டேன்.

விளக்குகள் அணைந்ததும் காருக்கு ஓட வேண்டாம். முதலில் அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இருந்தால், உங்கள் வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாச் சாதனங்களின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு அதன் விசையை மேலே தள்ளி, பிறகு ஒவ்வொன்றாகச் செருகினால் எந்தச் சாதனத்தில் கோளாறு என்பது தெரிந்துவிடும். தெரு முழுதும் இருண்டிருந்தால் மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணான 1800 778 8888-ஐ அழைத்துத் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு காரைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லா மின்சாரக் கார்களும் மின்சாரத்தை வெளியே தருவதில்லை. உங்கள் காரில் வி2எல் என்ற வசதி இருக்க வேண்டும். ஹியூண்டாய் அயோனிக் 5, கியா இவி6, பிஒய்டி அட்டோ 3 (Atto 3) ஆகியவற்றில் இது உண்டு. மின்னூட்டம் செய்யும் துளையில் ஓர் இணைப்பானைச் செருகினால், அதன் மறுமுனையில் வீட்டில் இருப்பதைப் போன்ற 230 வோல்ட் சாக்கெட் கிடைக்கும். இணைப்பானை இணையத்தில் மலிவாக வாங்கும்போது கவனம் தேவை. நம் ஊரின் மூன்று சதுர முனைப் பிளக் நேராகப் பொருந்தாத ஒன்றை வாங்கி, பயண அடாப்டரை இடையில் செருகிப் பயன்படுத்துவது சூடேறித் தீப்பிடிக்க இடம் தரும். காரைத் தயாரித்த நிறுவனம் ஏற்கும் இணைப்பானையே வாங்குங்கள்.

பேட்டரி எவ்வளவு பெரியது என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில், ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதே முதலில் குறுக்கே வரும் தடை. மேற்சொன்ன கார்கள் 3 முதல் 3.6 கிலோவாட் வரை தரக்கூடும். ஆனால் 13 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட நீட்டிப்புக் கம்பி ஒன்றின் வழியே சுமார் 3 கிலோவாட்தான் செல்லும். வெந்நீர்க் கொதிகலன், இண்டக்ஷன் அடுப்பு, கெட்டில் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மட்டுமே அந்த அளவை எட்டிவிடும் என்பதால் அவற்றை மறந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், சில எல்இடி விளக்குகள், ரவுட்டர் ஆகிய அனைத்தும் சேர்ந்தும் சராசரியாக 200 வாட்டைத் தாண்டுவது அரிது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கருவிக்கு மேலும் 350 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. மின்சாரத்தை வெளியே தரும் நேரம் முழுதும் காரின் சொந்த மின்னணுக் கருவிகளும் விழித்திருக்கும். காருக்குக் கார் மாறுபடும் இந்தச் செலவை 200 வாட் என்று கொண்டால், மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஆகும் அளவை காரே தின்றுவிடுகிறது. மருத்துவக் கருவி இல்லாத வீட்டில் காரை நாள் முழுதும் இணைத்து வைப்பதைவிட, சில மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டிக்காகவும் கைப்பேசிகளுக்காகவும் ஒரு மணி நேரம் இணைப்பதே சிக்கனம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. 60 யூனிட் பேட்டரி 80 விழுக்காடு நிறைந்திருந்து, 20 விழுக்காட்டைப் பயணத்துக்கு ஒதுக்கினால் 36 யூனிட் மிஞ்சும். எங்கள் தேவைக்கு அது ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். காரின் திரையில் அந்த 20 விழுக்காட்டு எல்லையை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒத்திகை பார்த்தோம். காலை 10 மணிக்கு 71 விழுக்காடாக இருந்த பேட்டரி, பிற்பகல் 2 மணிக்கு 66 ஆகியிருந்தது. சுற்றிய நிலையிலேயே பயன்படுத்திய கம்பிச்சுருள், தொட்டபோது இளஞ்சூடாக இருந்தது. முழுதாகப் பிரித்துப் போட்ட பிறகு அந்தச் சூடு தணிந்தது. கம்பிச்சுருளை எப்போதும் கடைசிச் சுற்று வரை பிரிக்க வேண்டும். மழை படும் இடத்தில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கம்பியையே பயன்படுத்துங்கள்; சாக்கெட் முனை தரையில் கிடக்காமல் கூரைக்கு அடியில் இருக்கட்டும். வீட்டு ஆர்சிசிபி இந்தக் கம்பியைக் காக்காது என்பதால், ஈரக் கையோடு எதையும் தொடக்கூடாது.

இனிச் சொல்வதை எந்தச் சூழலிலும் மீறாதீர்கள். இரு முனையிலும் பிளக் உள்ள கம்பியைக் கொண்டு காரின் மின்சாரத்தைச் சுவர் சாக்கெட்டுக்குள் செலுத்தினால் வீடு முழுதும் விளக்கெரியும் என்று இணையத்தில் சிலர் காட்டுகிறார்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காமல் வெளியே உள்ள கம்பிவடத்துக்கும் பாயும். அங்கே மின்சாரம் இல்லை என நம்பிப் பழுதுபார்ப்பவரின் உயிரை அது பறிக்கலாம். கம்பியின் மறுமுனைப் பிளக்கின் வெறும் உலோக முனைகளைத் தொடுபவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். வீட்டு இணைப்புகள் வழியாகவே காரின் மின்சாரம் வரவேண்டும் என்றால், வெளி இணைப்பை முழுதாகத் துண்டித்த பிறகே காரை இணைக்கும் மாற்று சுவிட்ச் தேவை. அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பின், 2012இலேயே நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் அமைப்பு விற்பனைக்கு வந்தது. அதிலும் தனிக் கருவி ஒன்று இடையே நிற்கிறது.

வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டிலோ தனியார் கொண்டோவிலோ இருப்பவர்கள் பல மாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுக்க முடியாது, முயலவும் கூடாது. அவர்கள் கையில் தூக்கக்கூடிய ஒரு மின்சேமிப்புப் பெட்டியைக் காரில் மின்னூட்டி மேலே கொண்டுவரலாம். ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதையும், மின்தூக்கி நின்றிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். முதியவர் கீழே வர முடிந்தால், குளிரூட்டியைப் போட்டு அவரைக் காரிலேயே உட்கார வைக்கலாம். பெட்ரோல் காரைப் போல நச்சுப் புகை சேரும் அச்சம் இதில் இல்லை.

எங்கள் வீட்டில் இணைப்பான், கம்பிச்சுருள், மின்சாரம் இல்லாதபோது தானியங்கிக் கதவைத் திறக்கும் சாவி ஆகிய மூன்றும் வாசலருகே ஒரே இடத்தில் இருக்கின்றன. இருட்டில் காரை இணைக்க எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. கார் எந்த நொடியிலும் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்பதால் ஆக்சிஜன் உருளையும் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. விளக்கு அணைந்தால் முதலில் அம்மாவின் குழாயை அந்த உருளைக்கு மாற்றுகிறோம். அவர் சீராக மூச்சு விடுவதைப் பார்த்த பிறகே நான் காருக்குப் போகிறேன்.