பழைய கல் சுவரைச் சுண்ணாம்புக் காரையால் பழுதுபார்த்தல்: நீலகிரி வீடுகளுக்கு

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியபோது போர்ட்லேண்ட் சிமெண்ட் என்ற பொருளே புழக்கத்தில் இல்லை. இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அதன் பின்னும் நெடுங்காலம் இம்மலையில் எழுந்த கல் வீடுகள் பல சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. நீலகிரியின் சார்னோகைட் கல் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேறக் கற்களுக்கு இடையே காரை நிரப்பிய இணைப்புகளை விட்டால் வேறு வழி கிடையாது. அவற்றைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்பக்கம் திரும்பி, உட்பூச்சை உதிர்த்து, சுவரில் பதிந்த உத்தரத்தின் முனையை அழுகச் செய்யும்.

முதலில் நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். கூரையோரத் தகரப் பீலி ஓட்டையாக இருக்கிறதா, மேட்டுப் பக்கத்து மண் சரிந்து சுவரோடு குவிந்திருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே சுவரில் கைவைக்க வேண்டும். இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள். வேர் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டி, வேர் காய்ந்தபின் எடுங்கள்.

ஜூன் முதல் மழை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. இரண்டுமே இறுகாத சுண்ணாம்பைக் கெடுக்கும் என்பதால், பிப்ரவரி இறுதியில் தொடங்கி மே மாதத்துக்குள் வேலையை முடிப்பது நல்லது.

சிமெண்டையும் உதிர்ந்த காரையையும் உளி, சுத்தியல் கொண்டு நிதானமாக எடுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். அந்த இழப்பை எந்தக் கொத்தனாராலும் ஈடுசெய்ய முடியாது. இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் ஆழம் வரை சுத்தம் செய்து, தூசியைத் துடைத்து, முந்தைய நாளே நீர் தெளித்து வையுங்கள்.

சுவர் வயிறு தள்ளியிருந்தால் மேற்பூச்சு உதவாது. முட்டுக் கொடுத்து, கற்களுக்குச் சுண்ணக்கட்டியால் எண் இட்டு, படம் எடுத்துக்கொண்டு, மேலிருந்து பிரித்து, அதே வரிசையில் மீண்டும் அடுக்க வேண்டும். பழைய சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்கள் போதாததே பெரும்பாலும் இந்தக் கோளாறுக்குக் காரணம் என்பதால், அடுக்கும்போது இடையிடையே அவற்றை வைத்து, உட்புறத்தைச் சில்லுக்கல்லாலும் காரையாலும் இடைவெளியின்றி நிரப்புங்கள். கூரையைத் தாங்கும் சுவராக இருந்தால் பொறியாளரின் யோசனையின்றிப் பிரிக்கவே கூடாது.

நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய கரடுமணல் இரண்டு பங்கு, வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கி ஒரு பங்கு என்பது இந்த ஈர மலைக்குப் பொருந்தும் கலவை. சுர்க்கி, ஈரத்திலும் காரையை இறுகச் செய்யும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது பழைய வழக்கம்தான்; ஆயினும் அளவறிந்த கை இல்லையென்றால் வெறும் நீரே மேல். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

காரையைக் கெட்டியாகப் பிசைந்து, சிறு கரண்டியால் அடுக்கடுக்காகத் திணித்து, கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமலும், நகத்தால் கீறினால் கோடு விழும்படியும் இறுகும் நேரத்தில், முரட்டுத் தூரிகையால் தட்டுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகி ஈரம் எளிதில் வெளியேறும். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, குறைந்தது ஒரு வாரம் வெயிலும் காற்றும் நேராகப் படாமல் காக்க வேண்டும்.

உள்சுவருக்கு அவசரப்பட்டு வண்ணம் அடிக்க வேண்டாம். ஒரு வறண்ட பருவம் முழுக்கக் காயவிட்டு, பிளாஸ்டிக் பெயிண்டைத் தவிர்த்து வெள்ளையடியுங்கள்.