இரண்டும் தேமாங்கனிதான்

சேலத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருப்பவர்களே, சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் நாலு பேரைக் கேட்டால் முடிந்துவிடும். பாரசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர் என்பது முதல் காய்ச்சலிலேயே தெரிந்துவிடும். நான் பட்டது வேறு: மருந்தின் பெயரைச் சொல்வதில். விடுமுறைக்கு வந்த சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து அதை எழுதுகிறேன்.

இங்கே மாத்திரை வாங்க மருந்தின் பெயர் எதற்கு? காலி அட்டையை நீட்டினால் கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். சென்ற குளிர்காலத்தில் எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்குத் தோல் வறண்டு இரவெல்லாம் அரிப்பு. சேலத்து டாக்டர் எழுதித் தந்த ஹைட்ராக்ஸிஸீன் தீர்ந்துவிட்டது. போனிலேயே பார்க்கும் கிளினிக் ஒன்றை அழைத்து, நம் வழக்கப்படி வேகமாகப் பெயரைச் சொன்னேன். எதிர்முனையில் எழுதிக்கொண்டது ஹைட்ராலஸீன். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. அம்மா ஒரு மாத்திரைதான் போட்டார். நெஞ்சு படபடக்கிறது, தலை இடிக்கிறது என்று சமையல் மேடையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவசரப் பிரிவில் இரவு முழுக்கக் காத்திருந்தோம். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். பில்லில் மட்டும் நிறைய இருந்தது.

வீடு திரும்பித்தான் டப்பாவைப் படித்தேன். பெயரில் சில எழுத்துகள் மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தன. இந்த இரண்டு மருந்தும் குழம்பக் கூடாது என்றே அங்கே அப்படி அச்சிடுகிறார்கள். எனக்கு முன்பே பலர் விழுந்த குழி!

பள்ளியில் படித்தபடி அசை பிரித்தேன். ஹைட்-ராக்-ஸிஸீன்: நேர் நேர் நிரை. ஹைட்-ரா-லஸீன்: அதுவும் நேர் நேர் நிரை. யாப்பில் இரண்டும் தேமாங்கனி என்ற ஒரே சீர்! மாம்பழ ஊர்க்காரனுக்கு இது தேவைதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நான்கு அசை: ஹை-ட்ராக்-ஸி-ஸீன், ஹை-ட்ரால்-அ-ஸீன். தலையும் வாலும் ஒன்று. அழுத்தம் விழுவது இரண்டாம் அசையில், வேறுபாடு தொடங்குவதும் அங்கேதான். நாமோ ‘ஹை’யை ஓங்கிச் சொல்லிவிட்டு நடுவை விழுங்குகிறோம்.

‘ஹை’யைச் சும்மா தொட்டுவிட்டு, ‘ட்ராக்’கில் ஏறி நில்லுங்கள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். எதற்கான மருந்து என்பதையும் சேருங்கள். அரிப்புக்கு என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் பிரஷர் மாத்திரை வந்திருக்காது. டப்பா கைக்கு வந்ததும் பழைய அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

அம்மா இப்போது காலி அட்டைகளைத் தூக்கி எறிவதில்லை. அடுத்த பயணத்துக்கென்று பூஜை அலமாரியில், திருநீற்று டப்பாவுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார்.