குசினிக்குள் நின்று கூப்பிடாதீர்கள்

மாங்குளத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. பின்னேரம் கரண்ட் போனால் அம்மம்மாவின் காதும் சேர்ந்து போய்விடும். விளக்கைக் கொளுத்தி வைத்தால் திரும்பி வரும். கனகாலம் இதைப் பகிடியாகத்தான் சொல்லித் திரிந்தேன்.

முதல் தவறு அதுதான்: கேட்பது காதின் வேலை மட்டும் என்று நினைப்பது. 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு குரலை எடுத்தார்கள். அது சொன்னது ‘பா’, பஸ்ஸில் வரும் ப போல. அதை ‘கா’ என்று (காஸில் வரும் கா) அசையும் வாயின் படத்தோடு ஒட்டினார்கள். பார்த்த பெரியவர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்டது ‘வாடா’வில் வருவது போன்ற ‘டா’! கண்ணை மூடினால் மறுபடி ‘பா’. சூட்சுமம் தெரிந்த பிறகும் மூளை ஏமாறும்.

உழவு மெஷின் இரையும்போது ‘மாடு’, ‘நாடு’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான். உதடு ஒட்டுவதைக் கண்டால் மாடு என்று பிடித்துவிடலாம். அதற்காக வாயைப் பார்த்தே எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பவும் கூடாது. ‘பாலை’, ‘மாலை’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி. அங்கே காதுதான் பிரிக்க வேண்டும்.

அதனால் காது மந்தமானவர்களைக் குசினிக்குள் நின்று கூப்பிடாதீர்கள்; உங்கள் வாய் அவர்களுக்குத் தெரிய வேண்டும். யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் முகம் இருட்டாகிவிடும். கத்துவது இன்னும் மோசம்: வாயின் வடிவம் கோணிப்போகும், உயிரெழுத்து மட்டும் பெருக்கும், மெய்யெழுத்து அமுங்கும். எங்கள் வீட்டில் கத்தினால் “ஏன் பிள்ளை ஏசுறாய்?” என்ற கேள்விதான் வரும். முன்னால் இருந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ, கொஞ்சம் ஆறுதலாகக் கதையுங்கள். அதே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஷெல் சத்தத்தில் காது அடிபட்டவர்கள் இங்கே எத்தனையோ பேர்; அவர்களைக் கிளினிக்கில் காட்டாமல் வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் வீடியோ கோல். 34 மீட்டர் தள்ளி வரம்பில் நிற்பவரின் குரல் வாயசைவுக்கு ஏறத்தாழ 0.1 செக்கன் பிந்தித்தான் வருகிறது. சத்தம் பிந்துவது மூளைக்குப் பழக்கம். சத்தம் முந்தி, படம் இழுபட்டு வந்தால்தான் சீக்கிரம் குழம்பும். கனடாவிலிருந்து மாமா எடுக்கும்போது சிக்னல் அப்படி இழுத்தால், நான் படத்தை நிறுத்திவிட்டு ஃபோனை அம்மம்மாவின் வலக்காதில் வைத்துவிடுவேன்.