சீனி பார்க்கிற மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள்

பாமசியில் மெஷின் விலையைக் கேட்பதற்கு முன், ஒவ்வொரு தடவையும் மெஷினில் செருகி இரத்தத் துளி வைக்கிற ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். மெஷின் ஒரு தடவைச் செலவு. ஸ்ட்ரிப்தான் வருஷக்கணக்கில் காசைத் தின்னும். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது.

1. கணக்கைப் போடுங்கள்

எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவருக்கும் குளிசை மட்டும் குடிக்கிறவருக்கும் கணக்கு வேறு. நாளுக்கு 2 தடவை என்றால் 50 ஸ்ட்ரிப் உள்ள போத்தல் 25 நாளில் முடிந்துவிடும். கிழமைக்கு 2 தடவைதான் என்றால் அதே போத்தல் 25 கிழமை கிடக்கும். பல கம்பெனி ஸ்ட்ரிப்புகளை மூடி திறந்து 3 மாதத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். அப்படியானால் 25 ஸ்ட்ரிப் உள்ள சிறிய போத்தலே லாபம். திறந்த திகதியைப் பேனையால் போத்தலிலேயே எழுதுங்கள்.

2. டவுனில் கிடைக்குமா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நீங்கள் வழக்கமாகப் போகிற டவுனில், குறைந்தது இரண்டு பாமசிகளில் அந்த ஸ்ட்ரிப் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய மெஷின் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

3. மெஷின் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்கச் சொல்லுங்கள்

சீனி மெஷின் எவ்வளவு சரியாகக் காட்ட வேண்டும் என்ற சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 15197:2013 என்று இருக்க வேண்டும். அளவு மி.கி./டெ.லீ. கணக்கில் காட்ட வேண்டும். ஸ்ட்ரிப் போத்தலில் உள்ள கோட் இலக்கத்தை அடிக்கத் தேவையில்லாத மெஷின் நல்லது. கோட் மாறினால் ரீடிங் தப்பாகும்.

அடுத்தது குளிர். பல மெஷின்கள் 10 பாகைக்கு மேல்தான் வேலை செய்யும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியற்காலையில் குளிர் அதற்கும் கீழே இறங்கும். மெஷின் எரர் காட்டும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். சூடான அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்புக்குக் கிட்டே மட்டும் வைக்கவேண்டாம். உயரம் பிரச்சினை இல்லை: இலங்கையின் உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர், பல மெஷின்கள் 3,000 மீற்றர் வரை தாங்கும்.

கடையில் யாரும் சொல்லாத விஷயம், இரத்தச்சோகை. இரத்தம் குறைந்தவருக்குப் பல மெஷின்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். உண்மையில் சீனி இறங்கியிருக்கும், மெஷினோ எல்லாம் சரி என்று சொல்லும். இது ஆபத்து. இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் உள்ள பி.சி.வி. இலக்கத்தை (இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்பது; ஹெமட்டோகிரிட் என்பதும் இதுதான்) தாளில் 'ஹெமட்டோகிரிட்' என்ற இடத்தோடு ஒப்பிடுங்கள். சிலதில் 30–55, சிலதில் 20–60 என்றிருக்கும். பி.சி.வி. 28 உள்ளவருக்கு முதலாவது வகை சரிவராது.

4. குத்தும் முறை

சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். வாழைப்பழம் உரித்த கையோடு பார்த்தால் ரீடிங் தாறுமாறாக ஏறும். கொழுந்து எடுக்கிறவர்களுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்திருக்கும். மோதிர விரலின் ஓரத்தில் குத்துங்கள். கை விறைத்திருந்தால் சுடுதண்ணியில் கழுவி, கையைத் தொங்கப்போட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கித் தடவுங்கள். நுனியைப் பிடித்து நசுக்கினால் இரத்தத்தோடு நீரும் கலந்து ரீடிங் பிழைக்கும்.

ஸ்ட்ரிப் எடுத்த கையோடு போத்தலை இறுக மூடுங்கள். மழை, மூடுபனிக் காலத்து ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். பிரிட்ஜிலும் வைக்கக்கூடாது.

5. லாப்போடு சரிபாருங்கள்

வெறும் வயிற்றில் லாப்பில் இரத்தம் எடுக்கிற நாளில் மெஷினையும் கொண்டுபோய், 5 நிமிடத்துக்குள் விரலில் பாருங்கள். லாப் 200 என்றால் மெஷின் 170 முதல் 230 வரை காட்டலாம். 100க்குக் கீழே என்றால் 15 கூடிக் குறையலாம். திரும்பத் திரும்ப அதற்கு வெளியே போனால் மெஷினைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் இருவருக்குச் சீனி வருத்தம் இருந்தாலும் ஊசியையும் குத்தும் பேனாவையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பாவித்தால் ஹெப்படைட்டிஸ் பி தொற்றலாம். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, கிளினிக் நாளில் ஒப்படைக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.