குரல்வளை நீக்கிய பின் விழுங்கவும் பேசவும் பழகுதல்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதுமாக அகற்றியவர்களுக்கு மூச்சுப் பாதை கழுத்திலுள்ள துளையோடு நின்றுவிடுகிறது. வாயிலிருந்து இறங்கும் வழி உணவுக்கு மட்டுமே. ஆகவே, பாதியளவு குரல்வளை எஞ்சியிருப்பவர்களைப் போல இவர்கள் ஒவ்வொரு கவளத்துக்கும் புரையேறுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

உள்தையல் ஆறும் வரை, பெரும்பாலும் ஒரு வாரம் முதல் 10 நாட்கள், மூக்குக் குழாய் வழியாகவே ஆகாரம். கசிவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்ததும் தண்ணீரில் தொடங்கி, கஞ்சி, குழைந்த ரசம் சாதம் என்று படிப்படியாக முன்னேறுங்கள். கதிர்வீச்சால் எச்சில் வற்றியிருந்தால் மோரோ குழம்போ தாராளமாக ஊற்றிப் பிசைந்து கொள்ளலாம். சில மாதங்கள் கழித்துச் சோறு இறங்காமல் நின்றால், சத்தமில்லாமல் கஞ்சிக்குத் திரும்பிவிடாதீர்கள். தொண்டை சுருங்கியிருந்தால் விரித்துவிட முடியும்; நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

குரலுக்கு மூன்று வழிகள் உண்டு: காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து ஏப்பம்போல வெளிவிட்டுப் பேசும் உணவுக்குழாய்ப் பேச்சு, கழுத்தில் வைத்தால் அதிர்ந்து ஒலி தரும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள சுவரில் துளையிட்டுப் பொருத்தும் குரல் வால்வு. இயல்பான பேச்சுக்கு மிக நெருங்கியது வால்வுதான் என்பது என் கருத்து. இறக்குமதி வால்வின் விலை பலருக்கு எட்டாதிருந்த நிலையில், பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கினார்.

பேசும் முறை எளிது, பழக்கம்தான் வர வேண்டும். மூச்சை இழுத்து, கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் காற்றுக் கசியாதபடி மூடி, மெல்ல "ஆ" என்று வெளிவிடுங்கள்; காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் புகுந்து, தொண்டைச் சதையை அதிரச் செய்து ஒலியாகும். ஏறக்குறைய எல்லோரும் முதலில் செய்யும் தவறு, விரலை அழுத்தோ அழுத்தென்று அழுத்துவது. அப்போது தொண்டை இறுகிக் குரலே எழாது. விரலைத் தளர்த்தி, ஒரே மூச்சில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிப் பழகுங்கள்.

வால்வைத் தினமும் அதற்குரிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். சில மாதங்களில் அதில் பூஞ்சை படிந்து மூடி சரியாகப் பொருந்தாமல் போகும். அப்போது குடிப்பது மூச்சுக்குழாய்க்குள் கசியும். காப்பி குடித்ததும் இருமல் வந்தால், கண்ணாடி முன் டார்ச் அடித்து, வால்வின் நடுவிலிருந்து கசிகிறதா, ஓரத்திலிருந்தா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. வால்வு கழன்றுவிட்டால் அதன் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கழன்ற வால்வு கைக்குக் கிடைக்கவில்லையென்றால், அது மூச்சுக்குழாய்க்குள் விழுந்திருக்கலாம் என்பதை அங்கே முதலில் தெரிவியுங்கள்.