பாட்டிலை வாயில் வாங்காத வெள்ளாட்டுக் குட்டி: நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கம் ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் ஒரே புலம்பல்தான். "மூணு குட்டி போட்டுச்சு. ரெண்டு நல்லா ஊட்டுது. நோஞ்சானா இருக்கறது பாட்டிலைக் கிட்டவே சேர்க்க மாட்டேங்குது." தலைச்சேரி ஆடு மூன்று குட்டி போடுவது அபூர்வம் இல்லை, ஆனால் காம்பு இரண்டுதான். மூன்றாவதுக்குப் பாட்டில் கட்டாயமாகிவிடும். அது முகத்தைத் திருப்பினால் பிடிவாதம் என்று முடிவு கட்டி, வாயைப் பிளந்து பாலை ஊற்றிவிடுகிறோம். பல குட்டிகள் போவது அங்கேதான். குடிக்காத குட்டிக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

முக்கால்வாசி நேரம் காரணம் குளிர். சுத்தமான விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நாக்கு சூடாக இருந்து விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் ஜில்லென்று இருந்தால் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆட்டின் உடல் சூடு 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். நனைந்த குட்டிக்கு அது 37-க்குக் கீழே இறங்கினால் சப்பும் உணர்வு மங்கிவிடும், வயிறும் வேலை செய்யாது. அழுந்தத் துடைத்து, சாக்கில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுருட்டிப் பக்கத்தில் வையுங்கள். வாய்க்குள் சூடு வந்த பிறகு பால். குண்டு பல்பு கட்டுகிறவர்கள் வைக்கோலுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், கொட்டகை கீற்றாக இருந்தால் இன்னும் கவனம்.

அடுத்து சங்கு. கைக்குழந்தையைப் போலக் குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுச் சங்கால் ஊற்றுவது பல வீடுகளில் ஆயா காலத்து வழக்கம். பிள்ளை வளர்த்த கை என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் ஆட்டின் வயிறு வேறு, அதில் நான்கு அறைகள். கழுத்தை நீட்டிச் சப்பிக் குடிக்கும்போது, உணவுக்குழாய் முடியும் இடத்தில் உள்ள மடிப்பு குழாய் போல மூடிக்கொண்டு, பாலை முதல் அறையான அசைவயிற்றில் விடாமல் நேராக நான்காம் அறைக்கு அனுப்புகிறது. மல்லாக்கப் போட்டு ஊற்றினால் ஒன்று பால் அசைவயிற்றில் தேங்கிப் புளிக்கும், இல்லை புரையேறி நுரையீரலுக்குப் போகும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். அடுத்த நாள் மூச்சு இரைத்தால் சளி மருந்து தேடி நேரத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரியான நிலை இதுதான்: நீங்கள் மண்டி போட்டு உட்காருங்கள். குட்டி நான்கு காலில் நிற்க, அதன் பின்பக்கம் உங்கள் தொடைகளுக்கு நடுவில் இருக்கட்டும். இடது கை தாடையைத் தாங்க, வலது கை நிப்பிளை நாக்கின் மேல் வைக்கட்டும். தலை, தாய் மடியில் ஊட்டும்போது நிமிர்கிற அளவுக்குத்தான் நிமிர வேண்டும், வானத்தைப் பார்க்கக் கூடாது. கண்ணை உள்ளங்கையால் லேசாக மறைத்தால் பல குட்டிகள் அடங்கிவிடும், தாயின் மடிக்கடியிலும் இருட்டுதானே. வால் அடியைச் சொறிந்தும் விடலாம். ஊட்டும் குட்டியைத் தாய் நக்கித் தள்ளுகிற இடம் அது. வால் ஆட ஆரம்பித்தால் பால் இறங்குகிறது என்று அர்த்தம்.

பத்து நாள் தாயிடம் ஊட்டிவிட்டு, தாய் செத்தோ மடிநோய் வந்தோ பாட்டிலுக்கு வரும் குட்டிதான் படுத்தி எடுக்கும். தாயின் குரல் கேட்கும் தூரத்தில் கட்டிவைத்தால் கத்துமே தவிரக் குடிக்காது. குரல் எட்டாத இடத்துக்கு மாற்றி, நான்கைந்து மணி நேரம் பசிக்க விட்டு, நிப்பிளில் ஆட்டுப்பாலைத் தடவிக் கொடுங்கள். முதல் சில நாள் ஒரே ஆள் கொடுப்பது நல்லது. நிப்பிள் ஓட்டையையும் பாருங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். குடிக்கவில்லையே என்று ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்குவதும் சங்கால் ஊற்றுவதும் ஒன்றுதான்.

நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது குட்டிக்கு ஆறிய பால், அதன் உடல் நம்முடையதைவிடச் சூடு. 39, 40 டிகிரியில் கொடுங்கள். போராடும் குட்டியிடம் கால் மணி ஆகிவிடும், அதற்குள் ஆறும். பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பு வைத்து, இடையிடையே பாட்டிலை அதில் நிறுத்தி எடுங்கள்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவது மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். தாயிடம் இல்லையென்றால் வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கன்று போட்ட மாட்டின் சீம்பால். அடுப்பில் வைத்தால் திரண்டுபோகும், வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள்.

பிறகு பசும்பால் போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். பாக்கெட் பால் என்றால் 3% கொழுப்புள்ளதை விட்டு 4.5% அல்லது 6% உள்ளதை வாங்கிக் காய்ச்சி, சூட்டைத் தணித்துக் கொடுங்கள். டீயில் நனைத்த பிஸ்கட் பாசத்தில் சேராது, கழிச்சலில் சேரும்.

பழகிய பிறகு வரும் தவறு, அள்ளிக் கொடுப்பது. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் 10 முதல் 15% பால் போதும். 2 கிலோ குட்டிக்கு 200 முதல் 300 மில்லி, அதை நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். குடித்து முடித்தும் கத்தும், இரங்காதீர்கள். விலாவுக்குப் பின்னால் குழி தெரியாமல், உப்பாமல் சமமாக இருந்தால் வயிறு நிறைந்துவிட்டது. ஒரே மூச்சில் 200 மில்லி குடித்த குட்டி மறுநாள் உப்புசத்தில் கிடக்கும். பாட்டில், நிப்பிளை ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

இவ்வளவும் செய்து குடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து பாருங்கள். உதட்டிலும் ஈறிலும் புண் இருக்கலாம். பிறந்ததிலிருந்தே மூக்கில் பால் வந்தால் அண்ணத்தில் பிளவு இருக்கலாம். கடலூர் மாவட்டத்தில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சப்பத் தெம்பில்லாத குட்டிக்கு டாக்டர் குழாய் வழியாக வயிற்றுக்கே பால் செலுத்துவார். கடைசியாக எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி குடித்தது என்று எழுதிக்கொண்டு போங்கள், அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.